ஜவ்வாது மலையில் ஜாகிங் போகலாமா? ஓடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

வார நாள்களில் அபார்ட்மென்ட்டைச் சுற்றி நாலு ரவுண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் பீச் ரோடு அல்லது பார்க். ஜாகிங் போகிற பலருக்கும் ஓட்டம் இவ்வளவுதான். ஆறு மாதத்தில் எந்த இடத்தில் பள்ளம், எந்த வீட்டு நாய் துரத்தும் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். அந்த நேரம் பார்த்து போனில் ஒரு ரீல்ஸ் வரும். பனி மூடிய மலை ரோடு, ரெண்டு பக்கமும் பச்சை, நடுவில் ஒருத்தர் தனியாக ஓடிக்கொண்டிருப்பார். 'நாமும் ஒரு நாள் இப்படி ஓடணும்' என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும், இல்லையா?

தோன்றுவதில் தப்பே இல்லை. அதற்கு ஊட்டி, கொடைக்கானல் வரை போக வேண்டிய அவசியமும் இல்லை. சென்னை, வேலூர், பெங்களூரு, சேலம் என எந்தப் பக்கத்திலிருந்தும் சில மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஜவ்வாது மலை இருக்கிறது. அதில் நெல்லிவாசல்நாடு இருக்கிறது. ஆனால், அங்கே ஷூ லேஸ் கட்டுவதற்கு முன்பு, அந்தப் பாதையில் யார் நடக்கிறார்கள், எதற்காக நடக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

திடீரென்று எல்லோரும் ஏன் ஓடுகிறார்கள்?

காரணம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் வயதுவந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் உடலுக்குத் தேவையான அளவு அசைவதே இல்லை என்று 2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. 2000-ல் 22.3 சதவிகிதமாக இருந்த இந்தக் கணக்கு, 2022-ல் 49.4 சதவிகிதம் ஆகிவிட்டது. இதில் ஆண்களைவிடப் பெண்களின் நிலைமை இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் கேட்பதோ பெரிய விஷயமே இல்லை. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 நிமிட வேகமான பயிற்சி. அவ்வளவுதான்.

தமிழ்நாடு அரசும் இதை யோசித்துத்தான் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் தலா 8 கிலோமீட்டருக்கு ஒரு நடைப்பாதை. எட்டு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 10,000 அடிகள் என்பது கணக்கு. நல்ல திட்டம்தான். அது கொடுப்பது ஒரு பழக்கத்தை. ஓட்டப் பழக்கம் வந்தவர்கள் அடுத்துத் தேடுவது வேறு ஒன்றை. நல்ல காற்று, ஹாரன் சத்தம் இல்லாத ரோடு, கண்ணுக்கு ஒரு மாற்றம். அதனால்தான் வார இறுதி ஓட்டம் மெள்ள மெள்ள மலைப் பக்கம் திரும்புகிறது. ரன்னிங் குழுக்கள் மலைகளில் கூடுவதும், மலை ஓட்டப் போட்டிகள் நடப்பதும் இப்போது சாதாரணம்.

நெல்லிவாசல்நாடு எங்கே இருக்கு?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. 2019-ல் வேலூரிலிருந்து பிரிந்து திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மூன்று மலை ஊராட்சிகள் அதற்குள் வந்தன. திருவண்ணாமலை பக்கத்தில் இருக்கும் ஜமுனாமரத்தூர்தான் பலருக்கும் தெரிந்த பெயர். சுற்றுலாப் பயணிகள் அங்கே போய்விட்டுத் திரும்பிவிடுவதால், இந்த மூன்று நாடுகள் பக்கம் கூட்டம் குறைவு.

'நாடு' என்றதும் குழம்ப வேண்டாம். இங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்கள் பல ஊர்களைச் சேர்த்து நாடு என்று அழைப்பது பழைய வழக்கம். பெயரைப் பார்த்துக் கேரளாவோடு முடிச்சுப் போடவும் வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள், மலையில் வாழ்கிறவர்கள் என்கிற பொருளில் வந்த பெயர் இது. அவர்கள் பேசுவது தமிழ்தான். சாமை, கேழ்வரகு, புளி, பலா, தேன் என்று மலை கொடுப்பதை வைத்து வாழ்கிறவர்கள். அது போதாத வருஷங்களில் கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வெளியூர், வெளிமாநிலம் என்று போகிறவர்கள்.

மலையின் மேல்தளம் ஓடுவதற்கு அருமையான நிலம். அடிவாரத்திலிருந்து ஏறி வரும் வரைதான் செங்குத்து. மேலே வந்துவிட்டால் சின்னச் சின்ன ஏற்றம், இறக்கம், நடுவில் சமதளம், ஊர், வயல், மறுபடி ஒரு மேடு. காவலூரில் கடல் மட்டத்திலிருந்து உயரம் சுமார் 725 மீட்டர். ஊட்டி மாதிரி மூச்சு வாங்கும் உயரம் கிடையாது. கீழே இருக்கும் திருப்பத்தூரின் வெயிலுக்கும் மேலே இருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

சரி, எங்கே ஓடலாம்?

முதலில் ஒரே ஒரு விதி. ஊருக்கும் ஊருக்கும் இடையே இருக்கும் தார் ரோட்டில், சிமென்ட் ரோட்டில் ஓடுங்கள். காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையை விட்டுவிடுங்கள். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

நெல்லிவாசல்நாடு - புதூர்நாடு பக்கம்: கூட்டம் வேண்டாம், கடை வேண்டாம், ரோடும் நானும் மட்டும் போதும் என்பவர்களுக்கான இடம். புறப்பட்ட இடத்திலிருந்து அரை மணி நேரம் ஓடி, அப்படியே திரும்பி வருவதுதான் இங்கே சரியான முறை. சுற்றிவரும் பாதை தேடினால் கூகுள் மேப் காட்டும் கோடு எங்காவது வயலிலோ காட்டிலோ முடியும். போனில் சிக்னல் எல்லா இடத்திலும் இருக்காது என்பதால் வழி தவறினால் கேட்கவும் ஆள் தேட வேண்டியிருக்கும்.

காவலூர் பக்கம்: ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் வழியில் இருக்கிறது. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இங்கேதான் இருக்கிறது. 1986-ல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்னும் வேலை செய்கிறது. 1988-ல் இங்கிருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்கு கணித மேதை ராமானுஜனின் பெயர் வைக்கப்பட்டது. இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இருட்டுதான். எனவே விடியற்காலை நாலு மணிக்கு நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடுவது நல்லதல்ல. சூரியன் வந்த பிறகு ஓடுங்கள்.

ஜமுனாமரத்தூர் பக்கம்: முதல்முறை மலையில் ஓடுபவர்களுக்கு ஏற்றது. பஸ் வசதி, தங்கும் இடம், டீக்கடை, சாப்பாடு எல்லாம் உண்டு. படகு சவாரி ஏரியைச் சுற்றி மெதுவாக ஓடி உடம்பைப் பழக்கிக்கொள்ளலாம். பீமன் மடவு நீர்வீழ்ச்சிப் பக்கம் ஓட நினைத்தால் காலையிலேயே முடித்துவிடுங்கள். விடுமுறை நாள்களில் நேரம் ஆக ஆக வண்டிகள் வந்துவிடும். கோடை விழா நடக்கும் நாள்களில் ஓட்டமே வேண்டாம், நடை போதும்.

எங்கே ஓடக் கூடாது?

அடிவாரத்திலிருந்து மேலே வரும் மலைச்சாலையில் ஓடவே ஓடாதீர்கள். வீடியோவில் பார்க்க அந்த வளைவுகள்தான் அழகு. ஆனால், பஸ்ஸும் லோடு வண்டியும் திரும்ப மொத்த ரோடும் தேவைப்படும் வளைவு அது. ஓரத்தில் ஒதுங்க இடம் இருக்காது. இறங்கி வரும் டிரைவருக்கு உங்களைப் பார்க்க ஓரிரு நொடிகள்தான் கிடைக்கும்.

அடுத்து, காப்புக்காடு. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது வனச் சட்டப்படி குற்றம். 'யாரும் பார்க்க மாட்டாங்க' என்று நினைப்பவர்கள் 2018 மார்ச் 11-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். மலையேற்றத்தை ஆசையோடு செய்த, உடல் வலுவோடு இருந்த இளைஞர்கள்தான் பலரும். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு 'ட்ரெக் தமிழ்நாடு' தொடங்கப்பட்டது. ஆன்லைனில் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, காட்டுத்தீ காலத்தில் நிறுத்திவைப்பு என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. காட்டுக்குள் போக ஆசையா? அதில் பதிவு செய்து வழிகாட்டியோடு போங்கள். அங்கே ஓட முடியாது, நடக்கத்தான் முடியும். அதுவும் நல்லதுதான்.

மூன்றாவது, வயல் வரப்பு. குறுக்கு வழி என்று இறங்கிவிடாதீர்கள். தமிழ்நாட்டின் மலையோர ஊர்கள் பலவற்றில் காட்டுப்பன்றிக்குப் பயந்து சட்டவிரோதமாக மின்வேலி போடுவதும், அதில் மனிதர்கள் சிக்கி இறப்பதும் செய்தியாக வந்துகொண்டேதான் இருக்கிறது. விடிவதற்கு முன் கரடி நடமாட்டத்துக்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே சூரியன் வந்த பிறகு, ரோட்டில் மட்டும்.

இங்கிலாந்து கிராமத்தில் எப்படி ஓடுகிறார்கள்?

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் ஓடுபவர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். தனியார் வயலின் நடுவே ஒரு பாதை, அதில் ஒரு சின்ன மரக் கதவு, அதைத் திறந்துகொண்டு ஒருவர் ஓடிக்கொண்டிருப்பார். நிலத்துக்காரர் தடுக்க மாட்டாரா? முடியாது. அந்தப் பாதையில் நடப்பது பொதுமக்களின் சட்ட உரிமை.

இந்த உரிமை தானாக வரவில்லை. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் என்ற மலை மேட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். பணக்காரர்கள் பறவை வேட்டைக்காக வைத்திருந்த நிலம் அது. ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 1949-ல் வந்த சட்டம், எந்தெந்தப் பாதை பொதுப் பாதை என்று ஒவ்வொரு பகுதியிலும் வரைபடம் தயாரிக்கச் சொன்னது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. வேலைக்கும் சர்ச்சுக்கும் சந்தைக்கும் அந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த பாதைகள்தான் பெரும்பாலும். அவர்கள் நடந்த தடத்தில்தான் இன்றைக்கு மற்றவர்கள் ஜாகிங் போகிறார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அங்கே பாதையின் மீது உள்ளூர் மனிதரின் உரிமை முதலில் உறுதியானது. வெளியூர்க்காரரின் பொழுதுபோக்கு அதற்குப் பிறகு வந்தது. ஜவ்வாது மலையில் இந்த வரிசை தலைகீழாகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

10 கிலோமீட்டர் என்றால் என்ன?

ஓடுபவர்களுக்கு 'டென் கே' என்றால் ஒரு மெடல், ஒரு டி-ஷர்ட், ஒரு செல்ஃபி. மலையில் அதே தூரத்துக்கு வேறு அர்த்தம் இருக்கிறது.

2023 மே மாதம், இதே வட்டாரத்தில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பகுதியில் உள்ள அல்லேரி மலையின் அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழிக்கு மேல் போக முடியவில்லை. அந்தத் தாய் குழந்தையின் உடலைக் கையில் சுமந்தபடி கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் நடந்தார். அந்தச் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

ரோடு இருந்தால் மட்டும் போதுமா? 2022 ஏப்ரல் தொடக்கத்தில் புதூர்நாடு பக்கத்தில் உள்ள புலியூரிலிருந்து சேம்பரை கோயிலுக்குப் போன வேன் மலைச்சாலையில் கவிழ்ந்தது. 11 பேர் இறந்தார்கள். நாம் 'வியூ சூப்பர்' என்று நின்று போட்டோ எடுக்கும் மாதிரி ரோட்டில்தான் இவர்கள் கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் பிரசவத்துக்கும் போய்வருகிறார்கள்.

'அப்புறம் ஏன் ரோடு போடல?' என்று கேட்கத் தோன்றும். பணம் மட்டும் பிரச்னை இல்லை. பாதை காப்புக்காட்டின் வழியாகப் போகிறது என்றால் வனத்துறை அனுமதி தேவை. 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2) இதற்கு ஒரு வழி சொல்கிறது. ரோடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர்க் குழாய் என 13 வகை வசதிகளுக்காக, கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைத் தரலாம். வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது. டெல்லி வரை ஃபைல் போக வேண்டியதில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஹெக்டேர் என்றால் 10,000 சதுர மீட்டர். ரோட்டின் அகலம் 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஹெக்டேரில் இரண்டரை கிலோமீட்டர் ரோடுதான் வரும். காட்டுக்குள் பத்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊருக்கு இந்தச் சலுகை பாதி வழிகூடப் போதாது. மீதிக்கு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசின் அனுமதி, மாற்று நிலம், காடு வளர்ப்புக்கான தொகை என்று ஃபைல் நீளும். தமிழ்நாட்டில் வன உரிமைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதே நீதிமன்ற வழக்குகளால் பல ஆண்டுகள் தள்ளிப்போனது. காட்டைக் காப்பாற்றும் சட்டம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஜவ்வாது மலையில் சந்தனம் என்னவானது என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால், ஒரு ஊரின் ஆம்புலன்ஸ் ரோட்டுக்கு ஆகும் காலம் மட்டும் ஏன் இவ்வளவு என்ற கேள்வி நியாயமானது.

2024-25 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 'தொல்குடி' திட்டத்தை அறிவித்தது. பழங்குடி குடியிருப்புகளின் வீடு, ரோடு, குடிநீர் உள்ளிட்ட அடிப்படை வசதிகளுக்கு நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய். இந்தப் பணம் மலையின் கடைசி ஊர் வரை போய்ச் சேர்கிறதா என்பதுதான் இனி கவனிக்க வேண்டிய விஷயம்.

ஓட்டத்துக்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. ஒரு மலையில் பெரிய ஓட்டப் போட்டி நடத்த வேண்டும் என்றால் என்னவெல்லாம் தேவை? பாதையைச் சரிசெய்ய வேண்டும். சில கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீர் வைக்க வேண்டும். டாக்டர், முதலுதவி, ஆம்புலன்ஸ் தயாராக நிற்க வேண்டும். போன் சிக்னல் இல்லாத இடத்தில் வாக்கி டாக்கியோடு ஆள் நிற்க வேண்டும். இவை இல்லாமல் நடத்துவது ஆபத்து, நடத்தவும் கூடாது.

ஆனால், யோசித்துப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணி நேரத்துக்கு நமக்காக வரும் இதே நாலு வசதிகள்தான், மலை ஊர்க்காரர்கள் வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பதும். போட்டி முடிந்த திங்கட்கிழமை எல்லாம் கீழே இறங்கிவிட்டால், மலைக்கு மிச்சம் கிடைப்பது வாழைப்பழத் தோலும் தண்ணீர் பாட்டிலும்தான்.

அப்படியானால் மலையில் ஓட்டமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் சம்மதத்தோடு, ஊருக்கு வருமானம் தரும்படி நடந்தால் அது நல்லதே. இளைஞர்கள் வேலைக்காக வெளிமாநிலம் போவது எவ்வளவு ஆபத்தில் முடியும் என்பதை இந்த மலை பார்த்திருக்கிறது. 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்டு 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். வழிகாட்டியாக, சமையல்காரராக, தங்கும் இடம் நடத்துபவராகச் சொந்த ஊரிலேயே ஒருவருக்குச் சம்பளம் கிடைத்தால் அது சின்ன விஷயம் இல்லை.

அதற்கு மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்.

ஒன்று, அனுமதி. கலெக்டர் ஆபீஸ், போலீஸ், வனத்துறை மூன்றிடமும் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஊரை யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. போட்டி நடத்த நினைப்பவர்கள் முதலில் அங்கே போய்க் கேட்கட்டும். எந்தத் தேதியில் திருவிழா, எந்த வாரம் அறுவடை, எந்தப் பாதை சாமிக்குரியது என்பதெல்லாம் ஊருக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

இரண்டு, பணம். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு ஊராட்சிக்கு என்று முன்பே எழுதிக் கொடுக்கட்டும். அதுவும் 'நலத்திட்ட உதவி' என்று நோட்டுப் புத்தகம் கொடுத்து போட்டோ எடுக்கிற மாதிரி வேண்டாம். என்ன வேண்டும் என்று ஊர் சொல்லட்டும்.

மூன்று, குரல். இதுதான் முக்கியம். ஓடுபவர்களில் டாக்டர்கள் இருக்கிறார்கள், வக்கீல்கள், இன்ஜினீயர்கள், அரசு அதிகாரிகள் இருக்கிறார்கள். எந்த ரோடு எங்கே உடைந்திருக்கிறது, எந்த ஊர் வரை ஆம்புலன்ஸ் வரும் என்பதைக் காலால் ஓடித் தெரிந்துகொள்கிறவர்கள் நீங்கள். கையில் ஜிபிஎஸ் வாட்ச் வேறு இருக்கிறது. அந்தத் தகவலை ஸ்ட்ராவாவில் போட்டு லைக் வாங்குவதோடு நிறுத்தாமல், ஊர்க்காரர்கள் மனு கொடுக்கும்போது வரைபடமாகவும் போட்டோவாகவும் கூடவே கொடுக்கலாமே!

தனியாகவோ, நாலு பேரோ போகிறீர்களா?

போட்டி எல்லாம் இல்லை, சும்மா ஒரு வார இறுதி என்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள்.

எப்போது போகலாம்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை அருமையாக இருக்கும். அதன் பிறகு காட்டுத்தீ காலம். மழை நாள்களில் ரோட்டோரம் பாசியும் சேறுமாக வழுக்கும்.

எப்படி ஓடலாம்: ஏற்றத்தில் வேகத்தைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஓடுபவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். முடியவில்லை என்றால் நடங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மையில் உடம்பைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டபடியே எடையைத் தாங்குவதால் மறுநாள் படி இறங்கவே முடியாமல் வலிக்கும். அடியைச் சின்னதாக வையுங்கள், முட்டியை லேசாக மடக்கியே வையுங்கள். ஊரில் 10 கிலோமீட்டர் ஓடுகிறவர் இங்கே முதல் நாள் 5 கிலோமீட்டரோடு நிறுத்துவது நல்லது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

பாம்பு கடித்தால்: இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, ஓடாமல், 108-க்குப் போன் செய்துவிட்டு, கிடைக்கும் வண்டியில் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கிளம்பும் முன்பே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் எப்படி நடந்துகொள்ளலாம்: ஊருக்குள் நுழையும்போது ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். எதிரில் வருபவரிடம், 'அண்ணா, இந்தப் பக்கம் ஓடலாங்களா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காதில் ஹெட்போன் வேண்டாம். பின்னால் வரும் வண்டியும் கேட்காது, கூப்பிடுகிற மனிதரும் கேட்காது. களம் இல்லாத இடங்களில் ரோட்டில்தான் தானியம் காயும். அதன் மேல் மிதிக்காமல் சுற்றிப் போங்கள். குழந்தைகளைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள், சாக்லேட் கொடுத்துப் பழக்காதீர்கள். ஷார்ட்ஸ் போட்டால் யாரும் திட்டப் போவதில்லை. ஆனாலும், கோயில் பக்கம் போகும்போது இடுப்பில் ஒரு டவல் சுற்றிக்கொண்டால் அவர்களுக்கும் சங்கடம் இல்லை, உங்களுக்கும் இல்லை.

என்ன வாங்கலாம்: சாப்பாட்டைக் கீழிருந்து பார்சல் கட்டிக்கொண்டு வராதீர்கள். முதல் நாளே சொல்லிவைத்தால் சாமைச் சோறோ, கேழ்வரகுக் களியோ செய்து தர ஊரில் யாராவது இருப்பார்கள். கேட்கிற காசைக் கொடுங்கள். சாமை, தேன், புளி வாங்கும்போது நூறு ரூபாய்க்கு ஜிம்மில் புரோட்டீன் பார் வாங்குவதை நினைத்துக்கொண்டால் பேரம் பேச மனசு வராது. நீங்கள் கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, 'ஒரு ஜாகிங்குக்கு இத்தனையா?' என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். நெல்லிவாசல்நாட்டு ரோட்டில் காலை ஏழு மணிக்கு நீங்கள் தனியாக ஓடப்போவதில்லை. புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், தலையில் விறகோடு வருகிற அக்கா, முதல் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடக்கிற பெரியவர் எல்லோரும் அதே ரோட்டில்தான் வருவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஓடுங்கள். திரும்பி வந்த பிறகு, அந்த ரோடு எப்படி இருந்தது என்று நாலு பேரிடம் சொல்லுங்கள். வியூவைப் பற்றி மட்டும் சொல்லாமல், பள்ளத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.